கடிதமும் ஐந்தொகையும்: நகரத்தாரின் கடல்கடந்த லேவாதேவிக் கடைகளில் நிறுவனப் பண்பாடும் உள்ளகத் தகவல்தொடர்பும்

ஆய்வுச் சுருக்கம்

நாட்டுக்கோட்டை நகரத்தார் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இரண்டாம் உலகப்போர் வரை பர்மா, மலாயா, சிங்கப்பூர், இலங்கை, இந்தோசீனா ஆகிய பகுதிகளில் நடத்திய லேவாதேவிக் கடைகள், முதலாளி செட்டிநாட்டிலும் பணியாளர் கடலுக்கு அப்பாலும் இருந்த நிலையிலேயே இயங்கின. இக்கடைகளில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் ஆகியோருக்கும் முதலாளிக்கும் இடையே நிகழ்ந்த தகவல்தொடர்பை நிறுவனப் பண்பாட்டின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. சுருங்கிய மடல்களையும் கணக்கேடுகளையும் கொண்டு நெடுந்தொலைவு வணிகத்தை நடத்த உதவிய அதே பண்பாடு, கீழ்நிலைப் பணியாளரின் கருத்து மேலே செல்லும் வழியை அடைத்தது என்பதும், அவ்வழி ஓரளவேனும் நிறுவனத்துக்கு வெளியே, இதழ்களில் திறந்தது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். அமராவதிபுதூரைச் சேர்ந்த ராய. சொக்கலிங்கனின் இதழ்ப்பணி இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நகரத்தார், லேவாதேவி, மேலாள், அடுத்தாள், கிட்டங்கி, விலாசம், ஐந்தொகை, ஊழியன், நிறுவனப் பண்பாடு.

முன்னுரை

நிறுவனப் பண்பாடு என்னும் கருத்தாக்கம் மேலாண்மையியலில் 1980களில்தான் நிலைபெற்றது. அத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான எட்கர் ஷைன், ஒரு நிறுவனத்தின் பண்பாட்டை மூன்று அடுக்குகளாகப் பகுத்தார். கண்ணுக்குப் புலப்படும் புறத்தோற்றங்கள் முதல் அடுக்கு. நிறுவனத்தார் தம் வாயால் ஏற்றுரைக்கும் மதிப்புகள் இரண்டாவது. எவரும் எடுத்துரைக்கத் தேவையின்றி அனைவரும் உண்மையெனக் கொண்டிருக்கும் அடிப்படை நம்பிக்கைகள் மூன்றாவது. இம்மூன்றாம் அடுக்கே வரலாற்று ஆய்வாளருக்குப் பெரிதும் பயன்படுவது. ஒரு நிறுவனத்தில் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லத் தேவையில்லை, எதைச் சொல்லக் கூடாது என்பவற்றை அதுவே வரையறுக்கிறது.

தமிழில் இப்பொருள் பற்றி எழுந்துள்ள கட்டுரைகளுள் பல, மேலைநாட்டுக் கோட்பாடுகளை விளக்குவதோடும் இன்றைய தகவல்தொழில்நுட்ப நிறுவனங்களை எடுத்துக்காட்டுவதோடும் அமைந்துவிடுகின்றன. தமிழரிடையே பல நாடுகளில் கிளை பரப்பிய வணிக நிறுவனங்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இயங்கியுள்ளன. அவற்றின் உள்ளகத் தகவல்தொடர்பு முழுவதும் தமிழிலேயே நிகழ்ந்தது. காரைக்குடியையும் அதனைச் சூழ்ந்த அமராவதிபுதூர் போன்ற ஊர்களையும் இருப்பிடமாகக் கொண்ட நகரத்தாரின் கடைகளே அவை. டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட நூல், நகரத்தாரின் சாதி அமைப்பே அவர்தம் வங்கி அமைப்பாகவும் செயற்பட்டது என்பதை விரிவாக நிறுவியது. வீரசூரியா 1973இல் இலங்கைக் கடைகளை ஆராய்ந்தார். இவ்வாய்வுகள் மூலதனத்தின் ஓட்டத்தை மையமாகக் கொண்டவை. பணியிடத்தில் யார் யாரிடம் எதைப் பேசினர் என்னும் வினா அவற்றில் ஓரமாகவே நிற்கிறது.

விலாசம்

நகரத்தார் கடை ஒன்றின் பெயர் அதன் முதலாளியின் பெயரன்று. குடும்பத்து முன்னோர், தந்தை, மகன் ஆகியோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து அமைத்த விலாசமே கடையின் பெயர். ‘ஆனா’, ‘மூனா’, ‘ரூனா’, ‘சூனா’ என எழுத்துகளை ஒலித்தே கடையைக் குறிப்பர். மலாயாவிலும் சுமத்திராவிலும் இது ‘மார்க்கா’ எனவும் வழங்கிற்று. மடல், உண்டியல், பேரேடு, வழக்குமன்ற ஆவணம் ஆகிய அனைத்திலும் விலாசமே முன்னின்றது. மேலாள் ஒருவர் மூன்றாண்டுகளில் மாறுவார்; விலாசம் மாறாது. கடையில் அமர்ந்திருந்த மேலாளையும் ஊரார் விலாசத்தைச் சொல்லியே அழைத்தனர். தனிமனிதன் நிறுவனத்துக்குள் கரையும் இந்நிலையை ஷைனின் முதல் அடுக்குக்கு உரிய புறத்தோற்றமாக மட்டும் கொள்ளுதல் போதாது. விலாசத்தின் பெயரால் எழுதும் மடலில் ‘நான்’ என்னும் சொல்லுக்கு இடம் குறைவு.

மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன்

நகரத்தார் வழக்கில் வணிகத்தின்பொருட்டுக் கடல் கடத்தலைக் ‘கொண்டுவிற்கப் போதல்’ என்பர். பெரும்பாலான முதலாளிகள் ஊரிலேயே இருந்தனர். கடைகளை மேற்பார்வையிட இடையிடையே சென்று வந்தனர். கடையை நடத்தியவர் மேலாள். ஏஜெண்டு என்னும் சொல்லும் பெருவழக்கு. அவருக்கு அடுத்த நிலையில் கணக்கெழுதியும் வசூலுக்குச் சென்றும் உதவியவர் அடுத்தாள். அனைவருக்கும் கீழே, பணப்பெட்டியின் அருகில் அமர்ந்து சிறு பணிகளைச் செய்து தொழில் பயின்ற சிறுவன் பெட்டியடிப் பையன். இவர்களோடு சமையற்காரர் ஒருவரும் இருப்பார்.

மேலாளின் பணிக்காலம் பொதுவாக மூன்றாண்டு. புறப்படுமுன் முதலாளிக்கும் அவருக்கும் இடையே சம்பளச் சீட்டு எழுதப்பெறும். ஊதியத்தின் ஒரு பகுதி முன்பணமாகத் தரப்பெறும். நல்ல இலாபம் ஈட்டித் திரும்பியவருக்கு இலாபத்தில் ஒரு பங்கும் உண்டு. அயல்நாட்டு நீதிமன்றங்களில் கடையின் சார்பாக வழக்காடவும் பத்திரம் பதியவும் அவருக்கு அதிகாரப் பத்திரம் வழங்கப்பெறும். மனைவி மக்கள் ஊரிலேயே இருப்பர். இதனைக் குடும்ப ஒழுக்கமாக மட்டும் விளக்குவோர் உளர். மேலாளின் குடும்பம் முதலாளியின் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருந்தமை, எழுதப்படாத பிணையாகவும் பயன்பட்டது.

பெட்டியடிப் பையனின் கல்வி இங்குச் சற்று விரிவாக நோக்கத்தக்கது. எண்சுவடி மனப்பாடம், காணி, மாகாணி, முந்திரி வரையிலான கீழ்வாய் இலக்கக் கணக்கு, வட்டிக் கணக்கை மனத்தளவில் போடும் திறன் ஆகியவற்றை ஊரிலேயே பயின்று, பதின்பருவத்தின் தொடக்கத்திலேயே கப்பல் ஏறிய சிறுவர் பலர். முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. இத்துணை நுட்பமான கணக்கைக் காகிதமின்றிப் போடப் பழகியவன், கடையில் கற்றுக்கொண்டது வேறு: எவர் வரும்போது எழ வேண்டும், எவர் பேசும்போது வாய் திறக்கலாகாது, எந்தக் கடன்காரனைப் பற்றி வெளியே சொல்லக் கூடாது என்பன. செல்வர் தம் மகனைத் தம் கடையில் அமர்த்தாமல் பிறர் கடையில் பயிலவிடும் வழக்கமும் இருந்தது. அவ்வாறு பயின்றவன் பின்னாளில் எந்தக் கடையில் அமர்ந்தாலும் நடைமுறை ஒன்றாகவே இருந்தது. கடைகள் தனித்தனி, அவற்றின் பண்பாடு பொது. இன்றைய குழுமங்கள் பயிற்சி முகாம்களில் உருவாக்க முயலும் ஒருமைப்பாட்டை, இங்கு ஒரு சமூகம் முழுவதும் சேர்ந்து உருவாக்கியது.

கிட்டங்கி

இரங்கூனின் மொகல் தெரு, சிங்கப்பூரின் மார்க்கெட் தெரு, பினாங்கின் பினாங்குத் தெரு, கொழும்பின் செட்டியார் தெரு ஆகியவை நகரத்தார் கடைகள் செறிந்திருந்த இடங்கள். சிங்கப்பூர், பினாங்கு போன்ற நகரங்களில் கடைகள் பெரும்பாலும் தனிக் கட்டடங்களில் இல்லை. கிட்டங்கி எனப்பெற்ற நீண்ட கூடத்தில், இருபுறமும் வரிசையாக ஒவ்வொரு விலாசத்துக்கும் ஓர் இடம். அதில் ஒரு சாய்வுமேசை, ஒரு பெட்டகம், ஒரு பாய். இடையில் சுவரில்லை. உண்பதும் உறங்குவதும் அதே கட்டடத்தில்தான்.

இவ்விட அமைப்பு தகவல்தொடர்பில் ஏற்படுத்திய விளைவு பெரிது. ஒரு கடைக்கு வந்த கடன்காரனை எதிர்வரிசையில் இருப்பவரும் காண்பார். ஒரு மேலாள் அடுத்தாளைக் கடிந்துகொண்டால் கூடமே கேட்கும். மேலாள் ஒருவர் ஊதாரியாகவோ தவறான வழியிலோ நடந்தால் அச்செய்தி அடுத்த கப்பலில் ஊருக்குச் சென்றுவிடும். அதை எழுதுபவர் அவருடைய கடையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. முதலாளி தம் மேலாளிடமிருந்து பெறும் மடல் ஒன்று. மேலாளைப் பற்றிப் பிறர் வழியாகப் பெறும் செய்திகள் பல. மேலாளின் மனைவி, அவருடைய உடன்பிறந்தார், அதே கிட்டங்கியில் பணிபுரிந்து திரும்பிய மற்றொருவர் எனச் செய்தி பல வாய்கள் வழியே முதலாளியின் முகப்புத் திண்ணையை அடைந்தது. ஆச்சிமார் தம் சீர்ப்பணத்தைக் கடைகளில் வட்டிக்கு இட்டிருந்தமையால், கடையின் நிலை பற்றிய செய்தியில் வீட்டுப் பெண்டிருக்கும் நேரடி அக்கறை இருந்தது. அவர்கள் வைப்பாளராகவும் இருந்தனர் என்பதை நிறுவன வரலாறுகள் போதிய அளவு கருதவில்லை.

மத்தியதரைக்கடல் வணிகரான மக்ரிபி யூதரைப் பற்றி அவ்னர் கிரெய்ஃப் 1989இல் எழுதிய கட்டுரை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. கெய்ரோவின் கெனிசா மடல்களைக் கொண்டு, 11ஆம் நூற்றாண்டு வணிகர் ஏமாற்றிய முகவரைக் கூட்டாக விலக்கிவைத்ததன்மூலம் நம்பிக்கையைக் காத்தனர் என்று அவர் வாதிட்டார். அவ்வணிகர் நீதிமன்றங்களையும் நாடினர் என ஜெரமி எட்வர்ட்ஸும் ஷெய்லா ஓகில்வியும் 2012இல் மறுத்தனர். நகரத்தார் நிலையில் இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்தத் தேவையில்லை. அதிகாரப் பத்திரமும் ஆங்கிலேய நீதிமன்றமும் ஒருபுறம். கிட்டங்கியின் காதுகள் மறுபுறம். மேலாளைக் கட்டுப்படுத்தியதில் இரண்டாவதன் பங்கே மிகுதி எனக் கருதலாம். வழக்கு தொடர்வது இறுதி வழி. பெயர் கெடுவது அன்றாட அச்சம்.

கடிதமும் ஐந்தொகையும்

பிள்ளையார் சுழி, ‘சிவமயம்’, தமிழ் ஆண்டும் மாதமும் நாளும், அனுப்பும் கடையின் விலாசம், பெறும் கடையின் விலாசம்: கடை மடலின் தொடக்கம் பெரும்பாலும் இவ்வளவே. பின் நேரே பணம். எந்த உண்டியல் எழுதப்பெற்றது, எந்தத் தவணை முடிந்தது, யாருக்கு எவ்வளவு பற்று எழுத வேண்டும் என்பன. நலம் உசாவல் ஒரு தொடரில் அடங்கிவிடும். தொலைவிலுள்ள கடையின்மேல் உண்டியல் எழுதினால் அதற்குரிய அறிவிப்பு மடல் தவறாது செல்ல வேண்டும். மடல் தவறினால் உண்டியல் மதிப்பிழக்கும். ஆகவே மடல் என்பது செய்தி மட்டுமன்று, அதுவே நிதிக்கருவி. இதில் சொற்பெருக்கு இடையூறு. சுருக்கம் கஞ்சத்தனத்தால் விளைந்தது என்று கூறுவது எளிது. தொழில்நுட்பத் தேவையாலும் அது விளைந்தது.

மடலைவிட ஆற்றல் மிக்க தகவல்தொடர்புக் கருவி கணக்கேடு. அன்றன்றைய வரவு செலவு சிட்டையில் ஏறும். அதிலிருந்து ஒவ்வொருவர் பெயரிலும் பேரேட்டில் பிரித்து எழுதப்பெறும். குறித்த காலத்தில் அனைத்தையும் கூட்டி ஐந்தொகை எடுக்கப்பெறும். ஐந்தொகை ஊருக்குச் செல்லும். முதலாளி கடையைக் கண்ணால் காணாமலே அதன் நிலையை ஐந்தொகையில் கண்டார். எல்லாக் கடைகளும் ஒரே முறையில் கணக்கெழுதியமையால், எந்தக் கணக்கப்பிள்ளையும் எந்தக் கடையின் ஏட்டையும் படிக்க முடிந்தது. பணிக்காலம் முடிந்த மேலாள், புதிதாக வந்தவரிடம் ஏடுகளை ஒப்புவித்து ஊர் திரும்பி, முதலாளியிடம் கணக்கு ஒப்புவிப்பார். அந்நாளில் அவருடைய மூன்றாண்டு வாழ்வும் எண்களாகவே மதிப்பிடப்பெற்றது.

ஏடுகளில் கடவுளுக்கும் கணக்கு உண்டு. வணிகத்தில் ஒரு பங்கு மகமையாகப் பற்று எழுதப்பெற்றுக் கோயிலுக்குச் சென்றது. சிங்கப்பூர்த் தேங்க் சாலையில் 1859இல் எழுந்த தண்டாயுதபாணி கோயிலும், பினாங்கில் 1857இல் எழுந்த கோயிலும் இத்தகைய கூட்டுப் பணத்தால் வளர்ந்தவை. கோயில் வழிபாட்டிடம் மட்டுமன்று. இரங்கூன் மொகல் தெருக் கோயிலில் ஒவ்வொரு தமிழ் மாதமும் 16ஆம் நாள் மேலாட்கள் கூடி, கடைகள் தமக்குள் கொடுக்கல் வாங்கலுக்குரிய நடப்பு வட்டியை முடிவு செய்தனர். நூறு ரூபாய்க்கு மாதம் இத்தனை அணா, பை என அங்கு முடிவான வட்டி, பர்மாவின் உட்பகுதிக் கடைகளுக்கும் வழிகாட்டிற்று. நகரத்தார் கடைகளில் கிடைமட்டத் தகவல்தொடர்பு என ஒன்றை மேலாண்மையியலார் தேடினால், அது இங்கேதான் உள்ளது. ஆனால் அக்கூட்டத்தில் பேசியோர் மேலாட்கள். அடுத்தாளுக்கு அங்குக் குரலில்லை.

சொல்லப்படாதவை

1929–30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டபடி அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன. அவற்றில் முடங்கியிருந்த பணம் சற்றேறக்குறைய 75 கோடி ரூபாய். குழுவின் அறிக்கை கடைகளின் சிக்கனத்தையும் கணக்கு ஒழுங்கையும் பாராட்டியது. அறிக்கை வெளிவந்த காலத்திலேயே நெல்விலை சரிந்தது. 1930 டிசம்பரில் சாயா சான் கிளர்ச்சி தொடங்கியது. கடனைத் திருப்பித்தர இயலாத உழவரின் நிலங்கள் கடைகளுக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தின் 6 விழுக்காடு நகரத்தாரிடம் இருந்தது. 1937–38இல் அது 25 விழுக்காடாயிற்று. நிலத்தை விரும்பி வாங்கியவர் அல்லர் அவர்கள். பணத்தைப் பணமாகவே திரும்பப்பெற விழைந்தவர்கள். எனினும் பர்மியர் பார்வையில் அவர்கள் நிலம் பறித்தவர்களாயினர். அப்பார்வையை ஆதாரமற்றதென ஒதுக்குவதற்கில்லை. உழவன் இழந்தது உண்மையான நிலம்.

இம்மாற்றம் கடைகளின் உள்ளகத் தகவல்தொடர்பில் எவ்வாறு பதிவாகியிருக்கும் என்பது எண்ணத்தக்கது. வராத வட்டி முதலோடு சேர்க்கப்பெற்றுப் புதிய பத்திரமாக எழுதப்படும்போது, பேரேட்டில் அது வளர்ந்த சொத்தாகவே தோன்றும். ஐந்தொகையில் பொய் இல்லை; ஆனால் ஒரு சிற்றூரில் உழவனின் முகம் மாறிவிட்டதை எழுத அதில் பத்தி இல்லை. அந்த முகத்தைக் கண்டவர் வசூலுக்குச் சென்ற அடுத்தாள். அவர் மேலாளிடம் சொல்லலாம். மேலாள் அதனை மடலில் எழுதினால், தம் பணிக்காலத்திலேயே கடை தளர்ந்தது என்பதற்குத் தாமே சான்றளித்தவராவார். அவருடைய இலாபப் பங்கும் அடுத்த வேலையும் அதனைச் சார்ந்திருந்தன. மூன்றாண்டு முடிந்ததும் ஏடுகளை மற்றொருவரிடம் ஒப்புவித்துவிடலாம் என்னும் நிலையில், கெட்ட செய்தியைத் தள்ளிப்போடுவது எந்த மனிதருக்கும் இயல்பு. இது தனிமனிதர் குறையன்று. எண்களை மேலே அனுப்புவதில் தேர்ந்த ஓர் அமைப்பு, மதிப்பீடுகளை மேலே அனுப்ப வழிசெய்யவில்லை.

மரியாதை என்னும் மதிப்பும் இங்குச் சேர்ந்துகொள்கிறது. முதலாளி சமூகத்தில் பெரியவர். உறவிலும் பெரும்பாலும் மூத்தவர். அவர்தம் கணிப்பு தவறு என்று மடலில் எழுதுவது வணிகக் கருத்து வேறுபாடாகக் கொள்ளப்படாது. ஒழுங்கு மீறலாகவே கொள்ளப்படும். சொல்லத் தேவையற்றவை மிகுதியாக இருந்த பண்பாட்டில், சொல்லக் கூடாதவையும் அவற்றின் மறைவிலேயே பெருகின.

ஊழியன்

இங்கே அமராவதிபுதூருக்குத் திரும்ப வேண்டியுள்ளது. ராய. சொக்கலிங்கன் 1898இல் அவ்வூரில் பிறந்தவர். இளமையில் பர்மாவில் வணிகம் பயின்றவர். ஊர் திரும்பியபின் தமிழ் கற்றுப் புலமை பெற்றார். 1917இல் காரைக்குடியில் தோன்றிய இந்து மதாபிமான சங்கத்தின் முன்னோடிகளுள் அவரும் ஒருவர். பாரதியார் 1919இல் வருகை தந்த சங்கம் அது. 1920இல் காரைக்குடியிலிருந்து ‘தனவைசிய ஊழியன்’ வெளிவரத் தொடங்கியது. சொ. முருகப்பா முதலில் அதன் ஆசிரியராக இருந்தார், பின் ராய. சொ. பொறுப்பேற்றார். இதழ் பின்னர் ‘ஊழியன்’ எனப் பெயர் சுருங்கிற்று. பெயர் சுருங்கியபோது அதன் வாசகர் பரப்பு சமூக எல்லையைக் கடந்து விரிந்தது.

இலக்கிய வரலாற்றாசிரியர் இவ்விதழைப் புதுமைப்பித்தன் சில காலம் பணிபுரிந்த இதழ் என்றோ, நாட்டு விடுதலை இதழ் என்றோ குறிப்பிட்டுக் கடந்துவிடுவர். நிறுவன வரலாற்று நோக்கில் அதற்கு வேறோர் இடம் உண்டு. முதலாளியும் மேலாளும் அடுத்தாளும் ஒரே பக்கத்தை வாசிக்கும் வாய்ப்பு, கடை மடலில் இல்லை, இதழில் இருந்தது. ஊரில் நிகழும் திருமணச் செலவு, சீர்வரிசை, கல்வி, சடங்கு ஆகியவை பற்றி இளைஞர் வெளிப்படையாக எழுதினர். இவை கடைக்கு வெளியேயுள்ள பொருள்கள் போலத் தோன்றும். ஆனால் மேலாளின் மூன்றாண்டு ஊதியத்தை உண்டவை அத்திருமணச் செலவுகளே. பெட்டியடிப் பையனைப் பள்ளிக்குப் பதிலாகக் கப்பலுக்கு அனுப்பியது அக்கல்வி வழக்கமே. கடைக்குள் மூத்தவர்முன் எழுப்ப முடியாத வினா, சமூகச் சீர்திருத்தம் என்னும் பெயரில் அச்சேறிற்று. ஊழியன் என்னும் சொல்லைத் தொண்டு செய்பவன் என்னும் பொருளிலேயே அவ்விதழ் ஆண்டது என்பதில் ஐயமில்லை. எனினும் சம்பளச் சீட்டு எழுதிக் கப்பலேறியோரின் சமூகத்தில் அச்சொல் மற்றொரு பொருளையும் ஒலித்திருக்கும்.

இரங்கூனிலிருந்தும் இத்தகைய முயற்சி எழுந்தது. கோட்டையூரைச் சேர்ந்த ஏ. கே. செட்டியார் அங்கு ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியராக இருந்தார். பின்னாளில் ‘குமரி மலர்’ நடத்தியவரும் காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்துக்காக உலகைச் சுற்றியவரும் அவரே. இவ்விதழ்கள் தொழிலாளர் இதழ்கள் அல்ல. சம்பளம், பணிநேரம் ஆகியவற்றை முதலாளிக்கு எதிராக நிறுத்திப் போராடும் நோக்கம் அவற்றுக்கு இல்லை. அவற்றை நடத்தியவர்களும் வாங்கி ஆதரித்தவர்களும் அதே சமூகத்தினர். அவற்றின் துணிவுக்கும் எல்லைக்கும் அதுவே காரணம்.

மடல் நின்ற ஆண்டுகள்

1941 டிசம்பர் 23இல் இரங்கூன் மீது குண்டு வீழ்ந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் இரங்கூனும் சப்பானியர் வசமாயிற்று. கப்பலும் அஞ்சலும் நின்றன. பர்மாவிலிருந்து பல்லாயிரவர் நடந்தே இந்தியா திரும்பினர். மலாயாவில் தங்கிவிட்ட மேலாட்கள் 1945 செப்டம்பர் வரை முதலாளியிடமிருந்து சொல் ஏதும் இன்றிக் கடையை நடத்த வேண்டியதாயிற்று. கடன்காரர் மதிப்பிழந்துவந்த சப்பானியத் தாளைக் கொண்டுவந்து பழைய டாலர்க் கடனை அடைக்க முன்வந்தனர். வாங்கினால் நட்டம், மறுப்பது ஆபத்து. இம்முடிவை எவரிடமும் கேட்க வழியில்லை. பின்னர் மலாயாவில் 1948ஆம் ஆண்டின் கடன்காரர், கடன் கொடுத்தோர் சட்டம், ஆக்கிரமிப்புக் காலத்தில் அடைக்கப்பெற்ற கடன்களை மறுமதிப்பிட அளவுகோல் வகுத்தது. அதுவரை மேலாளிடம் இருந்தது பயிற்சியும் பழக்கமும் மட்டுமே. முதலாளி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தாமே எண்ணிப் பார்த்துச் செயற்படும் அளவுக்கு அவர் பழக்கப்பட்டிருந்தார் என்பது, அப்பண்பாட்டின் வலிமையைக் காட்டும் சான்று.

அதன் இறுக்கத்தைக் காட்டும் சான்று புனைவிலிருந்து வருகிறது. சிங்கம்புணரியைச் சேர்ந்த ப. சிங்காரம் 1938இல் மேடானுக்குச் சென்று கடையில் பணிபுரிந்தவர்; நகரத்தார் சமூகத்தவர் அல்லர். 1959இல் வெளிவந்த அவருடைய ‘கடலுக்கு அப்பால்’ புதினம் பினாங்குக் கடையொன்றைக் களமாகக் கொண்டது. போர்க்காலத்தில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து திரும்பிய அடுத்தாள் செல்லையாவை, அவன் நேர்மையையும் திறமையையும் நன்கறிந்திருந்தும், முதலாளியால் மீண்டும் லேவாதேவித் தொழிலுக்கு உரியவனாக ஏற்க இயலவில்லை. துப்பாக்கி ஏந்தியவன் பெட்டியடிக்குப் பொருந்தான் என்பது அவர்தம் உறுதி. செல்லையா கடையின் விதி எதனையும் மீறவில்லை. கட்டளையிட்டுப் பழகியவனாகத் திரும்பினான் என்பதே குறை. புதினத்தை ஆவணமாகக் கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். எனினும் பணியாளன் பக்கத்திலிருந்து எழுதப்பெற்ற இத்தகைய பதிவு கடை ஏடுகளில் கிடைப்பதரிது.

வங்கியும் சங்கமும்

கானாடுகாத்தானைச் சேர்ந்த எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் கிளைகள் திறக்கப்பெற்றன. மூன்று ஊர்களும் லேவாதேவிக் கடைகளின் பழைய தடத்திலேயே அமைந்தவை. ஆனால் கிளைக்குள் நிகழ்ந்த தகவல்தொடர்பு வேறு. விலாசத்தின் இடத்தில் வங்கியின் பெயர். மேலாளின் இடத்தில் மேலாளர். தமிழ் மடலின் இடத்தில் ஆங்கிலச் சுற்றறிக்கை. பிள்ளையார் சுழியின் இடத்தில் கோப்பு எண். பள்ளத்தூர் அ. மு. முருகப்ப செட்டியார் 1900இல் மோல்மேனில் தொடங்கிய லேவாதேவித் தொழில், 1930களில் தமிழகத்துக்கு இடம்பெயர்ந்து, 1949இல் மிதிவண்டி உற்பத்தியில் இறங்கியது. நூற்றுக்கணக்கான தொழிலாளரைக் கொண்ட ஆலையில் கிட்டங்கியின் காதுகளை நம்பியிருக்க இயலாது.

கீழ்நிலைப் பணியாளரின் குரலுக்கும் புதிய வழி பிறந்தது. 1946இல் கல்கத்தாவில் அனைத்திந்திய வங்கி ஊழியர் சங்கம் தோன்றியது. ஊதிய விகிதம், பணிநேரம், விடுப்பு ஆகியவற்றை வரையறுத்த சாஸ்திரி தீர்ப்பாயத்தின் தீர்ப்பு 1953இல் வந்தது. பெட்டகத்தின் அருகில் அமர்ந்திருந்த காசாளர் ஒருவர் தம் மேலாளரின் முடிவை எழுத்தில் மறுக்கவும், அம்மறுப்புக்கு எழுத்திலேயே விடை பெறவும் அதன்பின் முறைப்படி வழி இருந்தது. மறுபுறம், செட்டிநாட்டு வீடுகள் பிரிக்கப்பட்டபோது சிட்டைகளும் பேரேடுகளும் பழம்பொருளாகவும் பழைய காகிதமாகவும் விலைபோயின. சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கோட்டையூர்ச் சேகரிப்பாளர் ஒருவரின் உழைப்பால் அச்சு நூல்களும் இதழ்களும் காக்கப்பெற்றுள்ளன. கடை மடல்களுக்கு அத்தகைய காப்பகம் ஒன்று காரைக்குடியிலேயே அமைக்கப்படுமாயின், அடுத்தாட்களின் கையெழுத்தை அவர்கள் எழுதிய ஏடுகளிலேயே அடையாளங்கண்டு, எந்த இடத்தில் மேலாளின் கை குறுக்கிட்டுத் திருத்தியது என்பதையும் ஆராய இயலும்.